கை நனைக்க ஒரு வீடு

என்னை வளர்த்தவர் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். அப்பா இறந்தபோது எனக்குப் பதினோரு வயது, தம்பிக்கு ஆறு. அரும்பாவூருக்குப் பக்கத்திலிருந்த தன் வீட்டுக்கு அம்மாவையும் எங்களையும் அழைத்துக்கொண்டு போனார். அவருக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளை இல்லை. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போட்ட நாலு ஏக்கரை வைத்து எங்களைப் படிக்க வைத்தார். பெரியம்மா போய், அம்மாவும் போய், தம்பி வெளிநாட்டு வேலைக்குப் போன பிறகு, அரியலூரில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நான் கோர்ட்டில் தட்டச்சர். கல்யாணம் ஆகவில்லை. இப்போது ஐம்பத்து மூன்று வயது. பதினாறு வருஷமாக அந்த வீட்டில் அவரும் நானும்தான்.

மறதி எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. முதலில் காது மந்தம் என்று நினைத்தேன். அப்புறம் வீம்பு என்று நினைத்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஒரே கேள்வியை நாலாவது தடவை கேட்டால் கத்திவிடுவேன். இது நோய், அவர் வேண்டுமென்று செய்வதில்லை என்று டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி விளக்கிய பிறகு, கத்தியதையெல்லாம் நினைத்துக் கூசிப்போய் ஒரு வாரம் நல்ல பிள்ளையாக இருந்தேன். எட்டாவது நாள் மறுபடியும் கத்தினேன்.

பகலில் பார்த்துக்கொள்ள வந்த பெண்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு காரணம் சொல்லி நின்றுவிட்டார்கள். ஒருமுறை அவர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், அரும்பாவூர் பஸ்ஸைத் தேடிக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு வெளியே பூட்டிவிட்டுக் கோர்ட்டுக்குப் போக ஆரம்பித்தேன். ஒரு ஆளை உள்ளே வைக்க எத்தனை தாள் வேண்டும், எத்தனை கையெழுத்து வேண்டும் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷமாக அதைத்தான் டைப் அடிக்கிறேன். எந்தத் தாளும் இல்லாமல் நான் ஒரு பூட்டை வாங்கி மாட்டியிருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் சோறு போட வீட்டுக்கு வந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தெருவில் போன ஒருவரிடம் பெரியப்பா பேசிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்த வூட்டுக்காரங்க நான் உள்ள இருக்குறது தெரியாம பூட்டிட்டுப் போயிட்டாங்க போல. பாவம், அவங்களுக்கு என்ன அவசரமோ. கொஞ்சம் தொறந்து வுடுங்க."

அவர் குரலில் கோபமே இல்லை. யாரோ செய்த பிழைக்கு அவரே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பூட்டைத் திறந்து உள்ளே போனதும், நன்றி சொல்லி என்னைக் கும்பிட்டார். அன்று மத்தியானம் நான் கோர்ட்டுக்குத் திரும்பவில்லை. இவரை நல்லபடி வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்றைத் தேடுவது என்று முடிவு செய்தேன்.

தம்பிக்கு ஃபோன் செய்தேன். "நீ எது செஞ்சாலும் சரியா இருக்கும்க்கா" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் அதைக் கேட்டபோது, இந்த உலகத்தில் எனக்கு ஒருவரும் இல்லை என்று தோன்றியது. தப்பாகப் போனால் பங்கு போட்டுக்கொள்ள ஆள் கிடையாது என்பதுதானே அதற்கு அர்த்தம். திருச்சியில் பார், சென்னையில் பார் என்று ஆபீஸில் சொன்னார்கள். எனக்கோ ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் அவர் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். விசாரித்ததில் மூன்று இடம் தேறியது.

முதல் இடம் பெரம்பலூரில். வாடகைக் கார் வாசலில் வந்து நின்றதும், எங்கே போகிறோம் என்று எப்படிச் சொல்வது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது, பெரியப்பா உள்ளே போய்க் கரைவேட்டி கட்டி, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நல்ல நேரம் எப்போது என்று கேட்டார். பத்தரைக்கு என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கார் கொஞ்ச தூரம் போனதும், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "பொண்ண யாருகிட்டம்மா வுட்டுட்டு வந்த?" என்றார்.

ஜன்னலைப் பார்த்துப் பேசியதிலேயே புரிந்துவிட்டது. அம்மாவிடம் அவர் அப்படித்தான் பேசுவார். தன் தம்பியின் மனைவியை முகம் பார்த்துப் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. ஆக, நான் என் அம்மா. நாங்கள் போவது மாப்பிள்ளை வீடு பார்க்க. வீட்டில் விட்டுவிட்டு வந்த பெண், நான்.

மாப்பிள்ளை வீடு பார்ப்பதில் பெரியப்பா பேர்போன ஆள். மற்றவர்கள் கூடத்தில் உட்கார்ந்து பவுனையும் நிலத்தையும் பேசிக்கொண்டிருக்க, இவர் கால் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று கொல்லைப் பக்கம் போய்விடுவார். வாசல் பொய் சொல்லும், கொல்லை சொல்லாது என்பார். அங்கே பாத்திரம் தேய்ப்பவள் நிமிர்ந்து பார்க்கிறாளா, மூத்த மருமகள் சாப்பிட்டாளா, நாய் கூப்பிட்டால் வாலை ஆட்டுகிறதா, ஓடி ஒளிகிறதா என்று பார்ப்பார். மனசுக்குப் பிடிக்கும் வரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். கை நனைத்துவிட்டால் பெண்ணைக் கொடுத்த மாதிரி. ஊரில் எத்தனையோ பெண்களுக்கு அவர்தான் போய்ப் பார்த்துக் கை நனைத்துவிட்டு வந்தார். அவர்களெல்லாம் நன்றாக இருக்கிறார்கள்.

எனக்கு ஐந்து வீடு பார்த்தார். ஐந்திலிருந்தும் நாக்கு வறண்டுதான் திரும்பி வந்தார். ஐந்தாவது வரன் தட்டிப்போனபோது எனக்கு முப்பத்தொன்று. ஆறாவது வரவில்லை. அதற்குள் பெரியம்மா இறந்திருந்தார். நான் போய்விட்டால் அம்மாவோடு வீட்டு வேலையை இழுத்துப் பிடிக்க ஆள் இல்லை என்றுதான் தட்டிக் கழிக்கிறாரோ என்று சந்தேகப்பட்டேன். மனசுக்குள் எத்தனையோ தடவை அவரைத் திட்டியிருக்கிறேன். வாய்விட்டு ஒரு தடவையும் கேட்டதில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டுமே.

காரில் என்னை அம்மா என்று நினைத்த அவர் நினைப்பை நான் திருத்தவில்லை. அன்பால் அல்ல. மல்லுக்கட்டாமல் காரில் ஏறிவிட்டாரே, அது போதும் என்றிருந்தது.

பெரம்பலூர் இல்லம் நாலு மாடிக் கட்டடம். லிஃப்ட், பளபளப்பான தரை, டை கட்டிய மேலாளர். எங்களை உட்காரவைத்துக் காபி வரவழைத்தார். பெரியப்பா கையெடுத்துக் கும்பிட்டு, இப்போதுதான் குடித்தோம் என்று சொல்லிவிட்டு எழுந்தார். கால் கழுவப் போகிறார் என்று எனக்குத் தெரியும். மேலாளர் வசதிகளைச் சொல்லிக்கொண்டே எங்கள் பின்னால் வந்தார். பின்படிக்கட்டில் ஒரு பணிப்பெண் டிபன் டப்பாவை மடியில் வைத்து அவசர அவசரமாகத் தின்றுகொண்டிருந்தாள். மேலாளரைக் கண்டதும் வாயில் சோற்றோடு எழுந்து, டப்பாவை முந்தானையால் மூடிக்கொண்டாள். அவர் எதுவும் சொல்லவில்லை. அவள்தான் அப்படி எழுந்தாள்.

காரில் ஏறியதும் பெரியப்பா ஜன்னலிடம், "திங்கிற சோத்த மறைக்கிற வூடு. வேணாம்மா" என்றார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்திருந்தேன், ஆனால் கவனிக்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது இடம் ஆலத்தியூரைத் தாண்டி, சிமெண்ட் லாரிகள் போகிற சாலையை ஒட்டி இருந்தது. செலவு என் சம்பளத்துக்கு அடங்கியது, வீட்டிலிருந்தும் கிட்டத்தில். நடத்தியவர் நல்ல மனிதர். முந்தின நாளே இங்கேதான் சேர்ப்பது என்று பாதி முடிவோடுதான் போனேன். பெரியப்பா கூடத்தில் கால் வைத்ததும் நின்றுவிட்டார். வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் தலை மொட்டை. பேன் பிடிக்காது, குளிப்பாட்டச் சுலபம் என்று நடத்தியவர் விளக்கம் சொன்னார். ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் அப்படித்தான். பெரியப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் என்னிடம், "எழவு வூட்டுக்கு வந்துட்டோமேம்மா. எல்லாரும் மொட்ட போட்டுருக்காங்க பாரு. போயிட்டு இன்னொரு நாள் வரலாம்" என்றார். நடத்தியவரிடம் துக்கம் விசாரித்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

காரில் எனக்குப் பொறுக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் அடக்கி வைத்தது டிரைவர் முன்னாலேயே வெடித்தது. இப்படித்தான் நொட்டை சொல்லிச் சொல்லி எல்லா வரனையும் தட்டிவிட்டீர்கள், அவளைப் பற்றி ஒரு நாளாவது நினைத்தீர்களா, கடைசியில் அவள் தனியாகத்தானே நிற்கிறாள் என்று கத்தினேன். கோபத்திலும் 'நான்' என்று சொல்லாமல் 'அவள்' என்றே சொல்லியிருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. அம்மா அவரிடம் குரல் உயர்த்தியதே இல்லை. பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவ கோவக்காரிம்மா. அவ கோவத்துக்குப் பின்னால ஒண்ணும் இல்லன்னு நமக்குத் தெரியும். போற எடத்துல தெரியணுமில்ல?" என்றார். பிறகு, "குடுத்துட்டு அழுவுறதுக்கு, வச்சுக்கிட்டே அழுவலாம்" என்றார்.

இதுதான் பதில் என்று எடுத்துக்கொள்ள எனக்கு ஆசை. ஆனால் நோய் முற்றிய மூளை சொல்வதைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்றும் எனக்குத் தெரியும். அன்று முழுவதும் அவரிடம் பேசவில்லை. பேசாததை அவர் கவனிக்கவும் இல்லை. கோபித்துக்கொள்வதற்குக்கூட எதிரில் ஒரு ஆள் வேண்டும். எனக்கு அதுவும் இல்லாமல் போயிருந்தது.

மூன்றாவது இடம் வரதராஜன்பேட்டைப் பக்கம், முந்திரித் தோப்புக்கு நடுவில் ஒரு பழைய ஓட்டு வீடு. பின்னால் ஆறேழு அறை புதிதாகக் கட்டிச் சேர்த்திருந்தார்கள். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அக்கா, தங்கை இரண்டு பேர் நடத்தினார்கள். பெயர்ப்பலகை சாய்ந்திருந்தது, சுவரில் காரை பெயர்ந்திருந்தது. இதெல்லாம் ஒரு இடமா என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். அக்காக்காரம்மா வெளிப்படையாகப் பேசினார். படுத்த படுக்கையாகிவிட்டால் எங்களால் முடியாது, அப்போது ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். கேட் மட்டும்தான் பூட்டியிருக்கும், அறைகளைப் பூட்டுவதில்லை என்றார்.

பெரியப்பா வழக்கம்போலக் கொல்லைக்குப் போனார். நாங்களும் போனோம். சமையல்கட்டு வாசலில் சமையல் செய்கிற பெண்ணும் அங்கே இருக்கிற இரண்டு பெரியவர்களும் ஒரு முறத்தைச் சுற்றி உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் உரித்ததையே மறுபடி மறுபடி உரித்துக்கொண்டிருந்தார், யாரும் தடுக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த அக்காக்காரம்மாவைப் பார்த்ததும் அந்தச் சமையல்காரப் பெண் உட்கார்ந்த இடத்திலிருந்தே பிடித்துக்கொண்டாள். பருப்பு டின்னை மூடி வையுங்கள் என்று எத்தனை தடவை சொல்வது, பூச்சி விழுந்து கிடக்கிறது, வயசானவர்கள் வயிற்றுக்கு யார் பதில் சொல்வது என்று விளாசினாள். வந்தவர்கள் முன்னால் இப்படியா என்று எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அக்காக்காரம்மா, மறந்துட்டேன், இனிமே மூடுறேன் என்று சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

பெரியப்பா அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் தெளிந்துவிட்டது.

"வேலக்காரி மொதலாளிய வையுறா. வாங்கிக்கிட்டு சிரிக்கிறாங்க" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "கோவக்காரி பொழைக்கிற வூடு இது."

அப்புறம் தொட்டிக்குப் போய்க் கை கழுவினார். சாப்பாடு ஆகிவிட்டதா என்று அவரே கேட்டு, மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். வெங்காயச் சாம்பாரும் முருங்கைக்கீரைப் பொரியலும் போட்டார்கள். பிசைந்து, நிதானமாக, இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். எனக்கு ஒரு வீடு அமைந்துவிட்டது. ஐம்பத்து மூன்று வயதில்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் அக்காக்காரம்மாவைக் கும்பிட்டுச் சொன்னார். "எங்க பொண்ணு நல்ல பொண்ணுங்க. சட்டுனு கோவம் வரும். கத்துனா பதிலுக்குக் கத்தாதீங்க, கொஞ்ச நேரத்துல அவளே வந்துடுவா. கோவத்துல சாப்புடாம படுத்துக்குவா, ரெண்டு தரம் கூப்புடணும். ஒரு தரம் கூப்புட்டா வரமாட்டா."

"ரெண்டு தரம் கூப்புடுறோங்க அய்யா" என்றார் அவர், என்னைப் பார்த்துக்கொண்டே. பெரியப்பாவைப் பற்றி நான் சொல்லிக் கொடுப்பதற்காக ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மாத்திரை, மலச்சிக்கல், குளிக்க அடம் பிடிப்பது. பையிலிருந்து அதை எடுத்துக் கொடுக்க வெட்கமாக இருந்தது.

பத்து நாள் கழித்துக் கொண்டுபோய் விட்டேன். வேட்டிகளிலும் துண்டுகளிலும் அழியாத மையில் அவர் பெயரை எழுதி ஒரு பையில் வைத்திருந்தேன். பையைத் தூக்கிப் பார்த்து, பெண்ணை அனுப்புகிற சீரா இது என்று கோபித்து, எவர்சில்வர் குடத்தையும் காரில் ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். அன்றும் அங்கே சாப்பிட்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார். இந்தத் தடவை ஜன்னலைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் அந்தப் பெண்ணாகியிருந்தேன்.

"நான் கெளம்புறேன். நீ இரு" என்றார். "வாசலுக்கு வராத. நானும் திரும்பிப் பாக்க மாட்டேன். பாத்தா ரெண்டு பேருக்கும் கஷ்டம்."

சொன்னபடியே திரும்பிப் பார்க்காமல் கேட் வரைக்கும் நடந்தார். அக்காக்காரம்மா எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டுக் கேட்டைத் திறந்து, அவர் கூடவே பேசிக்கொண்டு முந்திரித் தோப்பு வழியாகச் சுற்றிக் கொல்லை வாசலால் உள்ளே கூட்டிப்போனார். அவர் என்னை விட்டுவிட்டுப் போய்விட்ட அந்த வீட்டுத் தாழ்வாரத்தில், போகலாம் என்று தங்கைக்காரம்மா வந்து சொல்லும் வரை நான் நின்றுகொண்டிருந்தேன். பிறகு காரில் ஏறாமல் டிரைவரை அனுப்பிவிட்டு, ஜெயங்கொண்டம் போய் பஸ் பிடித்து வந்தேன். வீட்டுக்கு எவ்வளவு தாமதமாகப் போக முடியுமோ அவ்வளவு தாமதமாகப் போனால் போதும் என்றிருந்தது.

மூன்று வாரம் வராதீர்கள், உங்களைப் பார்த்தால் அவருக்கு நிலைகொள்ளாது என்று சொல்லியிருந்தார்கள். அந்த மூன்று வாரமும் நான் இரண்டு பேருக்குச் சமைத்தேன். கை அளவு மாறவில்லை. காலையில் கோர்ட் இருக்கிறது, சத்தம் இருக்கிறது. சாயந்தரம் ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் ஒரு கேள்வியும் வராது. கத்துவதற்கு ஒன்றும் இல்லை. பால் பொங்கி வழிந்தால் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். வளர்த்தவரைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டாள் என்று தெருவில் பேச்சு. அதைக்கூட யாராவது நேரில் வந்து சொன்னால் தேவலை என்றிருந்தது.

மூன்று வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். கொல்லையில் முறத்துக்கு முன்னால் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். தலைமுடியைப் படிய வாரிவிட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, இப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கினேன், வெயில் ஜாஸ்தி என்றார். என்னைப் பார்க்க அவர் வந்திருந்தார்.

எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். நன்றாக வைத்திருக்கிறார்கள் பெரியப்பா என்றேன். அவர் நம்பவில்லை. அக்காக்காரம்மா தூரத்தில் துணி மடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"யாரும் இல்ல, சொல்லு. ஒனக்கு என்ன கொற?"

இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். ஐந்து வீட்டையும் வரிசையாகச் சொல்லிக் கேட்டுவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்திருக்கிறேன். வாயில் வந்தது வேறு.

"சாயந்தரம் ஆனா பேச ஆள் இல்ல பெரியப்பா."

அவர் என் தலையில் கை வைத்தார். வெங்காய வாசனை அடித்தது.

"புது எடமில்ல. எல்லாப் பொண்ணுங்களுக்கும் மொதல்ல அப்படித்தான் இருக்கும்" என்றார். "பழகிடும்."

நான் சரி என்று தலையை ஆட்டினேன்.